கிளட்ச் பெடல் என்ன சொல்கிறது?

காய்ச்சல் நோயன்று, நோயின் அறிகுறி என்பர் வைத்தியர். நெற்றியில் ஈரத்துணியை இட்டால் சூடு தணியலாம். ஆனால் சூட்டை உண்டாக்கியது எதுவோ, அது உள்ளேயே இருக்கும். மோட்டார் வாகனத்தின் கிளட்ச் பெடலும் இத்தகையதே. அது தரையோடு போய் ஒட்டிக்கொள்ளலாம், கல்லைப்போல் இறுகலாம், மிதித்தவுடன் கிறீச்சிடலாம். இவை யாவும் அறிகுறிகளே. அறிகுறியையே நோயென்று கொண்டு, "கிளட்ச் போய்விட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்து, வண்டியின் வயிற்றைத் திறந்துவிடுவோர் நம் நாட்டிலும் உண்டு. பிற நாடுகளிலும் உண்டு.

இம்மாதம் இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளக் காரணம் சங்க அன்பர் ஒருவர் அனுப்பிய கடிதமாகும். அவருடைய புதல்வர் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு ஒரு பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற அவ்வண்டியை வசந்தகாலத்தில் வெளியே எடுத்தபோது, பெடலை முழுவதும் மிதித்தும் ரிவர்ஸ் கியர் "கரகர"வென்று அரைத்ததேயன்றி விழவில்லை. பணிமனைக்குக் கொண்டுபோனார். "கிளட்ச் போய்விட்டது. எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும்" என்றார்கள். கூலியைக் கேட்டு மலைத்துப்போன பிள்ளை, வண்டியை வந்த விலைக்கு விற்றுவிடலாமா என்று தந்தையைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "நான் அம்பாசடர் ஓட்டியவன், ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விற்றுவிடு என்பதா, பொறு என்பதா? எழுதியருள வேண்டும்" என்று அன்பர் கேட்கிறார்.

பொறு என்பதே நமது விடை. அதற்குரிய காரணத்தை எல்லா அன்பர்களுக்கும் பயன்படும்படி விரித்துச் சொல்வது நல்லதென்று தோன்றுகிறது. சொந்தக் கார் இல்லாதவர்க்கும் இதில் பயன் உண்டு. எந்த இயந்திரத்தையும் பணிமனைக்கு அனுப்புமுன் என்னென்ன கேட்டறிய வேண்டும் என்பதே இதன் சாரம்.

அந்நியமல்லாத வண்டி

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்கு அருகேயுள்ள ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான வண்டி. திறந்த வண்டியாகவும், 1965 முதல் நிலையான கூரையுடைய ஜி.டி. என்னும் வகையாகவும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. இன்றும் பல நாடுகளில் அதனைப் பேணிக் காப்போர் மிகுதி.

நம்மவர்க்கு அது முற்றிலும் அந்நியமன்று. அதிலுள்ள 1,798 சி.சி. எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அதே வரிசையைச் சேர்ந்த 1,489 சி.சி. எஞ்சின்தான், மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரில் நெடுங்காலம் உழைத்தது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று உல்லாசப் பயணத்துக்குப் போயிற்று. மற்றொன்று குடும்ப பாரத்தைச் சுமந்தது. ஆகவே அம்பாசடர் ஓட்டிய அன்பர் எம்.ஜி.பி.யைக் கண்டு தயங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த வண்டி மிகவும் பிடிவாதம் உடையது. பல கார்களில் கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்கிக் கிளட்சைப் பார்த்துவிடலாம். எம்.ஜி.பி.யில் அவ்வாறு இயலாது. எஞ்சினைத் தனியாகவோ, கியர் பாக்ஸோடு சேர்த்தோ மேலே தூக்கி எடுத்தால்தான் கிளட்ச் கண்ணில் படும். பொருளின் விலை சிறிது. அதனை எட்டுவதற்கு ஆகும் கூலியோ பெரிது. இதனாலேயே எஞ்சினைத் தூக்குமுன் செய்யத்தக்க சோதனைகள் யாவற்றையும் செய்து முடிப்பது கடமையாகிறது.

காலிலிருந்து தட்டு வரை

கிளட்ச் என்பது எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே உள்ள ஓர் இணைப்பு. எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீலுக்கும், பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. எம்.ஜி.பி.யில் இந்தப் பிளேட்டின் விட்டம் 8 அங்குலம். அதனை நெருக்குவது டயாஃப்ரம் ஸ்பிரிங் என்னும் தட்டு வடிவ வில். பெடலை மிதித்தால் அந்த வில் தளர்ந்து பிளேட்டை விடுவிக்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் மாற்ற இயலுவது இதனால்தான்.

ஆனால் பெடலுக்கும் பிளேட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இடையே ஒரு சங்கிலி இருக்கிறது. பெடலின் மேல் முனையில் ஒரு சிறு பின். அந்தப் பின் ஒரு புஷ் ராடைத் தள்ளுகிறது. அது மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து பிரேக் ஆயில் ஓர் உலோகக் குழாய் வழியாகவும், பின்னர் ஒரு ரப்பர்க் குழாய் வழியாகவும் கீழே இறங்கி, கியர் பாக்ஸின் வலப்புறத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரை அடைகிறது. ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு மற்றொரு பின் மூலம் ஒரு ஃபோர்க்கை அசைக்கிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ள, அது ஸ்பிரிங்கின் நடுவை அழுத்துகிறது. இத்தனை கண்ணிகளில் ஏதேனும் ஒன்று தளர்ந்தாலும், கடைசிக் கண்ணி தன் வேலையை முழுமையாகச் செய்ய இயலாது.

ரயில்வேயில் பணிபுரியும் அன்பர்களுக்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் வேண்டா. பழைய கைகாட்டிகளை நினைத்துப் பாருங்கள். கேபினில் லீவரை இழுத்தால், நெடுந்தூரம் ஓடும் கம்பி இழுபட்டு அங்கே கை சாயும். கோடை வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்துவிட்டால், லீவர் முழுவதும் வந்தும் கை பாதிதான் சாயும். அப்போது ஏணி வைத்து ஏறிக் கையைக் கழற்றுவார் உண்டோ? கம்பியின் தொய்வையன்றோ முதலில் நீக்குவர்? கிளட்சுக்கும் அதே நீதிதான். மேலும், எம்.ஜி.பி.யின் கிளட்ச் அமைப்பில் திருகிச் சரிசெய்யும் ஏற்பாடு எதுவும் இல்லை. பிளேட் தேயத் தேய ஆயிலே அதனை ஈடுசெய்துகொள்ளும். "அட்ஜஸ்ட் செய்து தருகிறேன்" என்று எவரேனும் சொன்னால், எதை என்று கேட்க அன்பர்கள் தயங்க வேண்டா.

முதலாவது: கிண்ணத்தைப் பாருங்கள்

எஞ்சின் மூடியைத் திறந்தால் ஓட்டுநரின் பக்கத்தில் இரு சிலிண்டர்கள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று பிரேக்குக்கு, மற்றொன்று கிளட்சுக்கு. கிளட்ச் சிலிண்டரின் தலையிலேயே ஆயில் கிண்ணம் அமைந்திருக்கிறது. அதில் ஆயில் குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகுகிறது என்பது உறுதி. எரிந்து தீரும் பொருளன்று அது, ஒழுகினாலன்றிக் குறையாது. நிரப்பிவிட்டு மறந்துவிடுவது பெரும் பிழை.

ஒழுகும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தளர்ந்தால், ஆயில் பெடலின் மேல் வழிந்து காலடி விரிப்பை நனைக்கும். விரலால் தொட்டால் வழுவழுப்புத் தெரியும். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தளர்ந்தால், அதன் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறைக்குள் ஆயில் தேங்கும். உறையைச் சற்று விலக்கிப் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

இரண்டாவது: காலால் கேளுங்கள்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை மெதுவாக மிதியுங்கள். பஞ்சை மிதிப்பதுபோல் இருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஆயிலைச் சுருக்க இயலாது, காற்றைச் சுருக்கலாம். ஆகவே கால் செய்யும் வேலையில் ஒரு பகுதியைக் காற்றே விழுங்கிவிடுகிறது. விரைவாக மூன்று நான்கு முறை மிதித்தவுடன் பெடல் உறுதிப்பட்டுக் கியரும் விழுமானால், குற்றம் காற்றினுடையது அல்லது ரப்பரினுடையது, பிளேட்டினுடையது அன்று.

பெடல் முதலில் உறுதியாக நின்று, மிதித்தபடியே வைத்திருக்கச் சிறிது சிறிதாகத் தரையை நோக்கி இறங்கினால், ஆயில் எங்கோ தப்புகிறது. வெளியில் எங்கும் ஈரம் இல்லையெனில் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டித் திரும்பிப் போகிறது என்று கொள்ளலாம்.

மிதித்த பெடல் மேலே வரச் சோம்பினால் வேறு காரணம் தேட வேண்டும். பெடலின் அச்சில் துரு ஏறியிருக்கலாம்; அதனை இழுக்கும் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம். அல்லது ரப்பர்க் குழாய் உட்புறம் உப்பி வழியை அடைத்திருக்கலாம். வெளியே பார்க்க அக்குழாய் நன்றாகவே இருக்கும். உள்ளே ஊசித் துளையளவே வழி இருக்கும். ஆயில் போவதற்குக் காலின் பலம் உதவும். திரும்புவதற்கு அத்தகைய பலம் இல்லை. இதனால் கிளட்ச் முழுவதும் பிடியாமல் வழுக்கும். எஞ்சின் இரைச்சலிடும், வேகமோ ஏறாது. இதைக் கண்டு பிளேட் தேய்ந்தது என்று முடிவு கட்டுவோர் பலர். குழாயின் விலை என்ன, பிளேட் மாற்றும் கூலி என்ன என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது: பின்னைக் கழற்றிப் பாருங்கள்

பெடலின் மேல் முனை ஒரு தகட்டு மூடியின் கீழ் மறைந்திருக்கிறது. மூடியின் திருகுகளை நீக்கினால் பெடலையும் புஷ் ராடையும் இணைக்கும் பின்னைக் காணலாம். சுண்டுவிரலிலும் மெலிந்த இந்த இரும்புத் துண்டு, ஒவ்வொரு மிதிப்பிலும் முழுச் சுமையையும் தாங்குவது. பல்லாண்டு உழைப்பில் அதன் நடுப்பகுதி அரிக்கப்பட்டு இடை சிறுத்துப் போகும். அது நுழையும் துளையோ வட்ட வடிவம் இழந்து முட்டை வடிவம் பெறும்.

இந்தச் சிறு தேய்வு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கணக்குக்காக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கால் 5 அங்குலம் மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் ராடு 1 அங்குலமும், ஸ்லேவ் சிலிண்டரின் ராடு 1/2 அங்குலமும் நகர்வதாகக் கொள்க. மேலே பின்னும் துளையும் சேர்ந்து 1/8 அங்குலம் தேய்ந்தால் கீழே 1/16 அங்குலம் குறையும். கீழே ஃபோர்க்கின் பின்னும் 1/16 அங்குலம் தேய்ந்திருந்தால், மொத்தம் 1/8 அங்குலம் போயிற்று. கிடைக்க வேண்டிய அரை அங்குலத்தில் கால் பங்கு மறைந்துவிட்டது. அதன்மேல் சிறிது காற்றும் சேர்ந்தால் கியர் எவ்வாறு விழும்? சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டும் உரிய பழமொழியன்று, இழப்புக்கும் உரியதே.

நான்காவது: அரை அங்குலத் தீர்ப்பு

இதுவரை சொன்னவை விசாரணை. இனிச் சொல்வது தீர்ப்பு. வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே தலையை நீட்டுவது கூடவே கூடாது; அதனால் உயிரிழந்தோர் உண்டு. எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு அடை கொடுத்த பின், ஒருவர் பெடலைத் தரைவரை மிதிக்க, மற்றொருவர் கீழே ஸ்லேவ் சிலிண்டரின் புஷ் ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் அளக்க வேண்டும். ஏறக்குறைய 1/2 அங்குலம், அதாவது 12 அல்லது 13 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

ராடு அவ்வளவு நகரவில்லையெனில் குற்றம் வெளியே இருக்கிறது. பின், ரப்பர், காற்று, குழாய் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ பழுது. எஞ்சினைத் தொட வேண்டிய அவசியம் இல்லை. ராடு முழுவதும் நகர்ந்தும் கியர் அரைக்கிறது எனில், குற்றம் உள்ளே இருக்கிறது. அப்போது எஞ்சினை எடுக்கச் சொல்பவர் மெய்யே சொல்கிறார்.

உள்ளே உள்ள குற்றத்திலும் ஒரு விலக்கு உண்டு. ஈரமிகுந்த நாடுகளில் மாதக்கணக்கில் நின்றுவிட்ட வண்டிகளில் கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொள்வது வழக்கம். எஞ்சினை நன்கு சூடாக்கி, ஆளற்ற திறந்த வெளியில், பெடலை மிதித்தபடியே வண்டியைக் கியரில் ஓட்டி, வேகத்தைச் சிறிது ஏற்றியும் இறக்கியும் வந்தால் பெரும்பாலும் விட்டுப்போகும். இது அனுபவமுள்ளவர் செய்ய வேண்டிய காரியம். நெரிசலான தெருவில் செய்யத்தக்கதன்று.

கியர் அரைப்பதைச் சோதிக்கவும் ஒரு முறை உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெடலை முழுவதும் மிதித்துச் சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரை இடுங்கள். ரிவர்ஸுக்குச் சிங்க்ரோமெஷ் என்னும் சமன்செய்யும் அமைப்பு கிடையாது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் முதல் கியருக்கும் கிடையாது. ஆதலால் அவசரப்பட்டு இட்டால் நல்ல கிளட்சிலும் சிறிது அரைக்கும். பொறுத்து இட்டும் அரைத்தால்தான் கிளட்ச் விடவில்லை என்று பொருள்.

ஓசையைப் பகுத்தறிதல்

சக்கரத்தைச் சுத்தியால் தட்டி ஓசையைக் கொண்டே குறையறியும் ரயில்வே ஊழியரை அன்பர்கள் கண்டிருப்பர். கிளட்சிலும் ஓசை பேசும். ஆனால் அது எப்போது எழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெடலை மிதித்தவுடன் தோன்றி, விட்டவுடன் மறையும் ஓசை ரிலீஸ் பேரிங்கைச் சேர்ந்தது. எம்.ஜி.பி.யில் இது குண்டு பேரிங்கன்று. ஒரு கரி வளையம். கரி உள்ளவரை அமைதியாக இருக்கும். கரி தீர்ந்து உலோகம் உரசத் தொடங்கினால் அலறும். இதற்கு நேர்மாறாக, நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்தவுடன் மறையும் ஓசை பெரும்பாலும் கியர் பாக்ஸின் முன் பேரிங்கைச் சேர்ந்தது. அதற்குக் கிளட்சை மாற்றிப் பயன் இல்லை.

இன்னும் ஒரு சோதனை உண்டு. பலரும் இதனை அறியார். ஆனால் எஞ்சினையே காப்பது இதுதான். பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் கிராங்க் ஷாஃப்டை முன்னோக்கித் தள்ளுகிறது. அதனைத் தாங்குவன நடு பேரிங்கில் உள்ள திரஸ்ட் வாஷர்கள் என்னும் அரைவட்டத் தகடுகள். அவை தேய்ந்தால் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் ஆடும். ஃபிளைவீலும் கிளட்சும் அதனோடு முன்னே நழுவுவதால் பெடலின் பயன் குறையும். பார்ப்பவர் கிளட்சைக் குறை கூறுவர். நோயோ எஞ்சினின் இதயத்தில் இருக்கிறது.

எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவர் பெடலை மிதித்து விடட்டும்; மற்றொருவர் எஞ்சினின் முன்புறமுள்ள கிராங்க் புல்லியைக் கவனிக்கட்டும். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளே, கண்ணுக்குத் தெரியத்தக்கதன்று. புல்லி கண்காண முன்னே வந்து போனால் வண்டியை மேற்கொண்டு ஓட்டலாகாது. அப்படியே ஓட்டினால் சில வாஷர்களோடு போக வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்டையும் பிளாக்கையும் தின்றுவிடும்.

பிள்ளையின் வண்டியில் கண்டது

இந்தச் சோதனைகளை வரிசையாக எழுதி அன்பருக்கு அனுப்பினோம். அவர் பிள்ளைக்குச் சொல்ல, பிள்ளை ஒரு விடுமுறை நாளில் நண்பரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார். புல்லி அசையவில்லை. ஓசை இல்லை. ஸ்லேவ் சிலிண்டரின் ராடு 1/4 அங்குலமே நகர்ந்தது. அந்த ஒரு கணத்திலேயே, பிளேட் துருவேறி ஒட்டியது என்ற ஐயமும் எஞ்சினை எடுக்க வேண்டும் என்ற அச்சமும் நீங்கின. ராடு போதிய அளவு நகராதபோது பிளேட்டைக் குற்றம் சொல்வது எங்ஙனம்?

தகட்டு மூடியைக் கழற்றியபோது பெடலின் பின் பாதியளவு தேய்ந்திருந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் உறைக்குள் ஈரம் கண்டது. ஆக, குற்றவாளிகள் இருவர். பின்னின் தேய்வு பல ஆண்டுகளாக வளர்ந்தது; ரப்பர் அந்தக் குளிர்காலத்தில் கைவிட்டது. முதல்வன் இருந்தவரை வண்டி எப்படியோ ஓடிற்று. இரண்டாமவனும் சேர்ந்தவுடன் நின்றுவிட்டது. புதிய பின்னும் ரப்பர்க் கிட்டும் இட்டு, காற்றை வெளியேற்றியபின் அரை அங்குலம் திரும்பக் கிடைத்தது. ரிவர்ஸ் கியர் ஓசையின்றி விழுந்தது. வண்டி விற்பனைக்குப் போகவில்லை. பணிமனையார் வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று சொல்வதற்கில்லை. அளவுகோலை எடுக்கச் சோம்பினார்கள், அவ்வளவே. ஆனால் அந்தச் சோம்பலுக்குரிய விலையைக் கொடுக்க இருந்தவர் வண்டியின் சொந்தக்காரர்.

ஆயிலைப் பற்றிச் சில எச்சரிக்கைகள்

கிளட்சுக்கு உரியது பிரேக் ஆயிலே. எஞ்சின் ஆயிலை மறந்தும் ஊற்றலாகாது. ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். கடைகளில் டாட் 3, டாட் 4 என்று கிடைப்பவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை ஏற்றபின் அதற்குரிய வரம்பு 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. கிளட்சில் கொதிப்பைக் காட்டிலும் கொடியது துரு. ஈரம் சிலிண்டரின் உட்சுவரை அரித்துக் குழிகளை உண்டாக்கும். குழி விழுந்த சிலிண்டரில் புதிய ரப்பரை இட்டால் அது சில வாரங்களில் கிழிந்துபோகும். சிலிண்டரையே மாற்றுவது சிக்கனம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்ல வழக்கம். இந்த ஆயில் பெயிண்டை உரித்துவிடும் ஆதலால், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

காற்றை வெளியேற்றும்போது, காற்று எப்போதும் மேல் நோக்கியே போகும் என்பதை நினைவில் கொள்க. நிப்பிள் சிலிண்டரின் மேற்புறத்தில் இருக்க வேண்டும். நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள குப்பியில் அமிழ்த்தி, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்கும்போது மற்றவர் நிப்பிளைத் திறந்து, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். மேலேயுள்ள கிண்ணம் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்; வற்றினால் செய்த வேலை அத்தனையும் வீண். இவ்வாறு செய்தும் காற்று போகவில்லையெனில், கீழே நிப்பிள் வழியாக ஆயிலை மெதுவாக ஏற்றி மேலே கிண்ணத்துக்கு அனுப்பினால் காற்று தன் இயல்புப்படியே வெளியேறும்.

எஞ்சினை எடுத்தே ஆக வேண்டும் என்று அளவுகோல் தீர்ப்பளித்துவிட்டால், அரைகுறையாகச் செய்விக்காதீர்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபோர்க்கின் புஷ், எஞ்சினின் பின்புற ஆயில் கசிவு ஆகிய யாவற்றையும் ஒரே சமயத்தில் பார்த்துவிட வேண்டும். கூலி ஒன்றுதான், இரண்டாம் முறை திறந்தால் அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரும்.

வழக்கத்தில் திருத்திக்கொள்ள வேண்டியவை

ஓட்டும்போது பெடலின்மேல் காலை ஓய்வாக வைத்திருப்பது பலருடைய பழக்கம். அந்த இலேசான பாரம்கூடக் கரி வளையத்தை உரசிக் கரைக்கும். சிவப்பு விளக்கிலும், லெவல் கிராசிங்கிலும் கியரில் வைத்துப் பெடலை மிதித்தபடியே காத்திருப்பது அதனினும் தீது. வளையமும் தேயும், திரஸ்ட் வாஷரும் தேயும், கிளட்ச் முழுவதும் விடாத வண்டியானால் மெல்ல முன்னே ஊரவும் கூடும். முன்னால் நிற்பது மூடிய கேட்டாகவோ, தெருவைக் கடக்கும் குழந்தையாகவோ இருக்கலாம். நியூட்ரலில் இட்டு, கைப்பிரேக்கை இழுத்துக் காலை எடுத்துவிடுங்கள்.

பணிமனைக்குப் போகும் அன்பர்கள் மூன்று கேள்விகளை மனத்தில் எழுதிக்கொள்ளட்டும். ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தீர்களா? பின்னைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஸ்லேவ் ராடு எவ்வளவு நகர்கிறது? மூன்றுக்கும் விடை கூறும் மெக்கானிக்கிடம் நம்பிக்கையோடு வண்டியை ஒப்படைக்கலாம். அவர் எஞ்சினை எடுக்கச் சொன்னாலும் சம்மதிக்கலாம். விடை கூறாதவரிடம், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், சாவியைக் கொடுக்க அவசரம் வேண்டா.

வெளியிலிருந்து உள்ளே போவது, மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததற்குப் போவது, கண்ணால் கண்டதையும் கோலால் அளந்ததையும் நம்புவது: இவ்வளவே பழுதறியும் கலை. நம்மவர் ஊர்விட்டு ஊர் வந்து உழைத்துச் சேர்க்கும் பணம் எளிதில் வருவதன்று. அது ஊகத்துக்குச் செலவாகலாகாது.

அடுத்த இதழில், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டியில் பேட்டரியைப் பழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை யாவை என்பதை ஆராய்வோம். அன்பர்கள் தங்கள் ஐயங்களை எழுதும்போது வண்டியின் பெயர், ஆண்டு, பழுது எப்போது தோன்றுகிறது, எப்போது மறைகிறது என்னும் விவரங்களையும் தவறாமல் குறிப்பிடுவார்களாக.